ஆத்தங்குடித் தரையும் கட்டம் போட்ட அட்டையும்

கணினிப் பார்வை ஆய்வாளர் ஜெங்யோ ஜாங் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் லென்ஸ் படத்தை எப்படி வளைக்கிறது என்று கணக்கிட்டுச் சரிசெய்ய உதவும் அவருடைய கேமரா அளவுத்திருத்த முறையை "கணிதச் சாதனை" என்று இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது சோறு போடும் சங்கதி.

கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளைப் படம் பிடித்து அளவெடுப்பது என் தொழில். வளவு, அதாவது முற்றமும் சுற்றியுள்ள தாழ்வாரமும், முழுவதும் அடங்க அகலக்கோண லென்ஸ் போட்டால், நூல் பிடித்தாற்போல் நிற்கும் பர்மா தேக்குத் தூண்கள் ஓரத்தில் வில்லாக வளைந்துவிடும். அதில் எங்கே அளவெடுப்பது?

ஜாங்குக்கு முன்பும் வழிகள் இருந்தன. ரோஜர் சாய் என்ற ஆய்வாளரின் 1987ஆம் ஆண்டு முறை பெயர்பெற்றது. ஆனால் அவற்றுக்குத் துல்லியமாகச் செய்த கருவிகள் வேண்டும். ஜாங்கின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் தாளில் அச்சிட்ட கட்டம் போதும். தட்டையான பலகையில் ஒட்டி, பல கோணங்களில் சாய்த்துச் சில படங்கள் எடுக்க வேண்டும். எவ்வளவு சாய்த்தோம் என்று சொல்ல வேண்டியதே இல்லை! குவியத் தூரம், லென்ஸின் வளைப்பு, பலகை நின்ற நிலை எல்லாவற்றையும் கணக்கே கண்டுபிடித்துவிடும். படங்களைக் கணினியில் அலசப் பயன்படும் ஓப்பன்சிவி நிரல்தொகுப்பிலும் இந்த வழிதான்.

ஒருமுறை சோம்பலில், கறுப்பு வெள்ளை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையே கட்டமாக வைத்துப் பார்த்தேன். தேறவில்லை. கைவேலைக் கல், தேய்ந்த விளிம்பு, போதாததற்கு முற்றத்தை நோக்கி வாட்டம் கொடுத்ததில் தரை ஒரே தட்டையாகவும் இல்லை. பழையபடி அட்டையை எடுத்தேன். அதைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுப்பதைப் பார்த்த வீட்டு ஆச்சி கேட்டார்: "என்ன தம்பி, தாயம் ஆட வந்தீர்களா?"