கல்லாவில் உட்கார்ந்து கற்ற பீங்கான்

போன் சைனா என்ற மெல்லிய பீங்கானில் செய்த கோப்பை எங்கே கண்ணில் பட்டாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்னால் விரலை வைத்துப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். விரலின் நிழல் தெரிந்தால் நல்ல சரக்கு. சமீபத்தில் ஒரு வீட்டில் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் "விரிசல் இருக்கா தம்பி?" என்றார். இதில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நெற்றியில் விபூதி, கையில் சூடான காபி. விட்டுவிட்டேன்.

அந்தப் பாதி எலும்புச் சாம்பல், கால் சீனக் களிமண் என்று பெயர் பெற்ற வெள்ளைக் களிமண், கால் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கல் என்ற கணக்கு நிலைபெறக் காரணமானவர் இரண்டாம் ஜோசையா ஸ்போட். இங்கிலாந்தில் ஸ்டோக் ஊர்க்காரர். பொதுவாக இவரை அப்பாவிடம் சூளை வேலை கற்று வளர்ந்த மேதை என்பார்கள். எனக்கென்னவோ இவருடைய நிஜமான பள்ளிக்கூடம் சூளை இல்லை, லண்டன் கடைதான் என்று தோன்றுகிறது.

அப்பா முதலாம் ஜோசையாவின் கதை வேறு. ஆறு வயதில் தகப்பனை இழந்தவர், அந்தத் தகப்பனைப் புதைத்ததே ஏழைகளைப் புதைக்கும் குழியில். 1749-ல், பதினாறு வயதில், தாமஸ் வீல்டன் என்ற பெரிய குயவரிடம் வேலைக்குச் சேர்கிறார். வீல்டனின் கணக்கு நோட்டில் பையனுக்குச் சம்பளம் 2 ஷில்லிங் 3 பென்ஸ், தேறினால் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த 3 பென்ஸுக்கு எப்படி உழைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 1776-ல் ஸ்டோக்கில் ஒரு தொழிற்சாலையையே சொந்தமாக வாங்கிவிட்டார்.

வாங்கிய கையோடு செய்த காரியம்தான் முக்கியம். 1778-ல் மூத்த மகனை, 23 வயதுப் பையனை, லண்டனில் கடை போட அனுப்பினார். அப்பா சூளையில், மகன் கல்லாவில், கிட்டத்தட்ட இருபது வருடம். இடையில் 1782-ல் மகனுக்கு மனைவி இறந்துவிட்டார், கைக்குழந்தைகளோடு கடையையும் நடத்தியிருக்கிறார்.

அந்த நேரத்தில் லண்டனில் என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். பணக்கார வீடுகளில் எல்லாம் சீனப் பீங்கான். 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திவிட்டது. சரி, ஐம்பது தட்டில் ஒன்று உடைந்தால் ஜோடிக்கு எங்கே போவது? அதே மாதிரி செய்து கொடுப்பது ஸ்போட் கம்பெனிக்கு நல்ல வியாபாரம் ஆனது. உடைந்த தட்டுக்கு ஜோடி தேடி வருகிறவர்கள் என்ன நிறம், என்ன கனம், எவ்வளவு மெலிவு கேட்கிறார்கள் என்பது சூளைப் பக்கம் நிற்பவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்குமா?

1796-ல் கார்ன்வால் களிமண்ணையும் கல்லையும் பீங்கானுக்குப் பயன்படுத்தும் காப்புரிமை காலாவதி ஆகிறது. 1797-ல் அப்பா இறக்க, மகன் ஊர் திரும்புகிறார். அடுத்த ஓரிரு வருடங்களில் போன் சைனா விற்பனைக்கு வருகிறது. எலும்புச் சாம்பலை முதலில் சேர்த்தவர் இவர் இல்லை, லண்டன் பக்கத்தில் "போ" (Bow) என்ற பீங்கான் தொழிற்சாலையில் ஐம்பது வருடம் முன்பே சேர்த்திருந்தார்கள். இவரிடம் இருந்தது கலவை மட்டுமல்ல, எது விற்கும் என்ற கணக்கு. 1806-ல் இளவரசரே தொழிற்சாலையைப் பார்க்க வந்து பட்டம் கொடுத்துவிட்டுப் போனார். அதை விடுங்கள்.

இதையெல்லாம் "குடும்பத் தொழில்" என்று சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்போட்டின் நீலத் தட்டு எப்படி உருவாகிறது? செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைச் சூடாக்கி நீல மை தேய்த்து, மெல்லிய தாளில் ஒற்றி, ஈரத்தோடு அந்தத் தாளைத் தட்டில் ஒட்டி, கடினமான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, பிறகு தண்ணீரில் தாளைக் கழுவி எடுக்க வேண்டும். ஒட்டுவதும் தேய்ப்பதும் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். பழைய தட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால் தாள் சேர்ந்த இடத்தில் ஒரு பூவின் பாதி தப்பி நிற்கும். கண்ணாடிப் பூச்சில் ஈயம், அதில் நாள் முழுக்கக் கை முக்கியவர்கள் ஸ்போட் குடும்பத்தார் இல்லை.

அந்தக் குடும்பமும் நீடிக்கவில்லை. இரண்டாம் ஜோசையா 1827-ல் போனார், மூன்றாமவர் 1829-லேயே போய்விட்டார். 1833-ல் கம்பெனியை வாங்கியது யார் தெரியுமா? லண்டன் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து பங்காளியாக உயர்ந்த வில்லியம் கோப்லேண்டின் மகன். 1966 வரை அந்தக் கடைக்காரர் வம்சம்தான் நடத்தியது. கோப்பையைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் ஸ்போட் என்றுதான் இருக்கும்.