அருவிக் குளியலுக்கு முன்னால் ஒரு சோலை நடை

கொடைக்கானல் பக்கம் அருவிகளில் குளிப்பதையே ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட வேண்டும் என்று, காட்டின் மேல் அக்கறை உள்ள நண்பர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஷாம்பு பாக்கெட்டும் பாட்டில் சில்லும் கிடக்கிற பாறையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் கருத்து வேறு. குளியல் இருக்கட்டும். குளிப்பதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் பிறக்கிற சோலைக்குள் ஒரு நடை கூட்டிப்போங்கள். செடி கொடி தெரிந்த ஒருவர் முன்னால் போக, எட்டுப் பத்துப் பேர் பின்னால் போகிற நடை. அது முடிகிற இடத்தில் குளியல். இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று கூடாது என்பது என் கட்சி.

பாம்பாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் வட்டக்கானலை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாம்பார் சோலை. அங்கே சேர்கிற தண்ணீர் மலையின் தெற்குச் சரிவில் இறங்கி, பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரையில் அருவியாக வந்து விழுகிறது. யானை கெஜம், உரல் கெஜம், பாம்பு கெஜம், வழுக்குப்பாறை என்று அங்கே உள்ள ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கொடைக்கானலில் நல்ல மழை பெய்தால் கும்பக்கரையில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பெரியகுளத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன செய்தி. மேலே பெய்கிற மழை கீழே வெள்ளமாக வரும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. மழையே இல்லாத மாதங்களிலும் தண்ணீர் ஏன் வருகிறது என்று கேட்டால்தான் நம்மில் பலருக்குப் பதில் இல்லை.

அந்தப் பதில் சோலைக்குள்ளே இருக்கிறது. உலகத்தில் வெப்பமண்டல மேகக்காடு என்று சொல்லப்படுகிற அபூர்வமான காடுகளில் நம்முடைய மலைச்சோலைகளும் சேர்த்தி. மரங்கள் அதிக உயரம் போகாது. காற்றுக்கு வளைந்து, தலை குடை மாதிரி கவிந்து, ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்து நிற்கும். மேகம் அதன் வழியாகவே ஊர்ந்து போகும்போது இலையிலும் கிளையிலும் தொங்குகிற பாசியிலும் ஈரம் படிகிறது. படிந்தது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கீழே காலங்காலமாக மட்கின சருகு மண். அது பெய்த மழையையும் சொட்டின பனியையும் குடித்து வைத்துக்கொண்டு, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். வானத்தில் மழையே இல்லாத ஒரு காலையில் சோலைக்குள் நின்றால் மரத்துக்கு அடியில் மட்டும் தூறிக்கொண்டிருக்கும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கழுத்தில் சொட்டு விழுந்து உணர்வது வேறு.

நான் போன நடையில் எங்களைக் கூட்டிப்போனவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்றங்காலில் பல வருஷம் சோலை மரக்கன்று வளர்த்த கை. சட்டைப் பையில் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருந்தார். ஆட்கள் வேகமாக நடந்தால் நின்றுவிடுவார். நாமும் நின்றுதான் ஆக வேண்டும். ஓடைக்கரையில் ஒரு பாறையின் நிழல் பக்கம் குனிந்து, பச்சைக் கண்ணாடித் தாள் மாதிரி இருந்த ஒரு குட்டிப் பெரணியைக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை. பின்னால் டார்ச் அடித்ததும் வெளிச்சம் அப்படியே இலையைத் தாண்டி வந்தது. அதன் இலை, நரம்பை விட்டுவிட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான். மற்ற இலைகளுக்கு இருக்கிற மேல்தோல் பாதுகாப்போ, மூச்சுத் துளைகளோ அதற்குக் கிடையாது. காற்றில் எப்போதும் ஈரம் இருந்தால்தான் பிழைக்கும். "தொடாதீங்க தம்பி, மேல இருக்குற கிளைய வெட்டி வெயில் விழுந்தாலே சுருண்டுரும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் எங்களில் ஒருவர்கூடக் கிளையை ஒடிக்கவில்லை. அறிவிப்புப் பலகை எதுவும் அங்கே இல்லை.

அதே போல மரப்பெரணி. நம் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கிற பெரணியை முதல் தடவை பார்க்கிறவர்கள் அதைப் பனைச் சாதி என்று நினைப்பார்கள். அப்புறம் காட்டு நாவல் மரங்கள், லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள், ருத்திராட்ச இனத்து மரங்கள். கீழே விழுந்து கிடக்கிற இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் குடும்பத்தைச் சொல்லலாம் என்று அவர் கற்றுக்கொடுத்தார். காலில் அட்டை ஏறியதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரே உப்பு முடிச்சு கொண்டுவந்திருந்தார்.

ஓடைப் பாறைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அருவிப் பாறையில் பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் நாம் பாசி என்கிறோம். வழுக்குகிறது என்று செருப்பால் தேய்க்கிறோம். அதில் பாசி உண்டுதான். ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பூக்கும் தாவரங்களும் அப்படிப் பாறையோடு பாறையாக ஒட்டி வாழ்கின்றன. பொடோஸ்டெமேசி என்று ஒரு குடும்பம். பாய்கிற தண்ணீரில்தான் அதன் வாழ்க்கை. பாறையை இறுகப் பற்றிக்கொண்டு மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். மழை ஓய்ந்து தண்ணீர் இறங்கி, பாறை வெளியே தெரியும்போது அவசர அவசரமாகப் பூத்து, காய்த்து, விதை விட்டு முடித்துவிடும். விதை பாறையில் ஒட்டிக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தண்ணீர் குறைந்து குளிக்க வசதியாக இருக்கும் அந்த நாட்கள்தான் அதற்குக் கல்யாண நாட்கள். வழிகாட்டி இல்லாமல் போகிற எவருக்கும் இது தெரிய வழியே இல்லை. அதற்காக அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

குளியலுக்கு வருகிறேன். சோலை முடிந்து காப்பித் தோட்டங்கள் தொடங்குகிற உயரத்துக்குக் கீழே, தோட்டக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்த ஒரு சிறு அருவி. சோலைக்கு உள்ளே இருக்கிற ஓடைக் குட்டைகளில் எங்கள் வழிகாட்டி யாரையும் இறங்க விடவில்லை, அது சரியென்றே நினைக்கிறேன். தவளைகள் தோலாலும் மூச்சு விடுகிறவை. நம் உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் ஒரு சின்னக் குட்டையில் கரைந்தால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. கீழே உள்ள அருவியிலும் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கிரீம் பூசி வந்தவர்கள் முதலில் தள்ளி நின்று துணியால் துடைத்துவிட்டு வர வேண்டும். அவர் முதலில் இறங்கி ஆழம் பார்த்தார். மலை உச்சியில் கருமேகம் இருக்கிறதா என்று பார்த்தார். குதிப்பதற்குத் தடை, உட்கார்ந்து இறங்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் நாங்கள். அந்தக் குளிரில் முதல் முங்கு போட்டதும் மூச்சே நின்று திரும்ப வந்தது. மேலே எந்த மரத்திலிருந்து, எந்தப் பாசியிலிருந்து சொட்டினது இது என்று தெரிந்து முங்குவதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. அதை நான் இதற்கு முன் எந்த அருவியிலும் அறிந்ததில்லை.

அதனால்தான் குளியலை எடுத்துவிடாதீர்கள் என்கிறேன். நம் ஊரில் அருவி என்றால் குளிப்பது. குற்றாலம் தொடங்கி எல்லா ஊரிலும் அப்படித்தான். தண்ணீரை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போ என்று சொன்னால் நம் மக்கள் மனசு ஒட்டாது. சோப்பும் அருவியும் பிரிக்க முடியாதபடி நம் தலையில் பதிந்துவிட்டது என்பது உண்மைதான். 1970-களில் வந்த லிரில் சோப்பு விளம்பரம் கொடைக்கானல் அருவியில்தான் எடுக்கப்பட்டது. பாம்பார் அருவியை இன்றைக்கும் லிரில் அருவி என்றே பலர் சொல்கிறார்கள். ஒரு விளம்பரம் இத்தனை வருஷம் நினைவில் நிற்கும் என்றால், நல்ல வழிகாட்டியோடு போன ஒரு காலை நேரமும் நிற்கும். பிள்ளைகள் மனதில் கண்டிப்பாக நிற்கும்.

இந்த மலையைப் பற்றிய அறிவுக்கு நம்மிடம் பஞ்சம் கிடையாது. திருச்சி தூய வளனார் கல்லூரியில், செடிகளை உலர்த்திப் பாதுகாத்து வைக்கிற ராபினட் உலர்தாவரகத்தை உருவாக்கிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, பழனி மலையின் தாவரங்களை ஊர் ஊராக, ஓடை ஓடையாக நடந்து தொகுத்தவர். செண்பகனூரில் அருங்காட்சியகமும் ஆர்க்கிட் சேகரிப்பும் இருக்கின்றன. வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்ற இருவர் பல ஆண்டுகள் தங்கி, உள்ளூர் ஆட்களோடு நாற்றங்கால் வைத்து, பாம்பார் சோலையை மீட்கப் பாடுபட்டார்கள். அயல்மரத் தோப்புகளுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதைக் கவனித்து, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளாதீர்கள் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். இவ்வளவும் ஆய்வுத் தாள்களில் இருக்கிறது. கொடைக்கானலுக்கு வருகிற குடும்பத்துக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அவர்கள் காடு என்று ஆசையாகப் படம் பிடித்துக்கொண்டு போவது பைன் தோப்பை. அது மனிதர்கள் நட்டது. அடியில் பெரும்பாலும் சருகு ஊசிகள்தான், சோலையில் பார்க்கிற நெருக்கம் அங்கே இருக்காது.

நடையில் புல்வெளியையும் சேர்க்க வேண்டும். சோலையும் புல்வெளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது முழு மலை. வாட்டில், தைலமரம், பைன் எல்லாம் நட்டது பெரும்பாலும் இந்தப் புல்வெளிகளில்தான். பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. மரம் நடுவது என்றாலே நல்லது என்று நினைக்கிற நமக்கு, மரம் நட்டு அழிந்த மலையை நேரில் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

சரி, யார் நடத்துவது? முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவை பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையும் இருளர் மக்களும் சேர்ந்து நடத்துகிற ஒரு நாள் சுற்றுலாவைப் பாருங்கள். முன்பதிவு, பரிசல், ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு, கடைசியில் ஆத்துக் குளியல். வருகிற பணம் ஊருக்கும் போகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள், உள்ளூர் வழிகாட்டிகள் என்று நல்ல அடித்தளம் போட்டிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பிறகு, அனுமதி இல்லாத மலை நடை கூடாது என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. நான் கேட்பது அதற்கு மேல் ஒரு படி. ஏறி இறங்குகிற நடையோடு, நின்று பார்க்கிற நடையும் வேண்டும். தூரம் குறைவாக இருக்கட்டும், நேரம் அதிகமாக இருக்கட்டும்.

கோஸ்டாரிகாவின் மாண்டிவெர்டே மேகக்காட்டில் இதுதான் ஊரின் பிழைப்பே. 1972-இல் அங்கே காப்பகம் தொடங்கினார்கள். இன்று வழிகாட்டியோடு காலை நடை, இரவு நடை என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காட்டைத் தெரிந்து வைத்திருப்பது அங்கே மரியாதையான தொழில். அந்தக் காட்டுக்கே உரிய தங்கத் தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்ற இழப்பையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

நம் மலையில் அந்த மரியாதை முதலில் போக வேண்டியது பளியர் பழங்குடி மக்களுக்கு. தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவில் நடந்தவர்கள். அவர்களை மூட்டை தூக்கவும் வழி காட்டவும் மட்டும் கூப்பிட்டு, தினக்கூலி கொடுத்து அனுப்புவது அநியாயம். தாவரவியல் படித்த ஒரு இளைஞரும் பளியர் பெரியவர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிற நடையாக இருக்க வேண்டும், இருவருக்கும் ஒரே சம்பளம் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வசதியானவர்களுக்கான பொழுதுபோக்காக இது ஆகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த ஆபத்து இருக்கிறது. அதனால் பெரியகுளம் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கட்டணம் கட்டி வருகிற ஒவ்வொரு குழுவும் ஒரு பள்ளிக் குழுவின் செலவை ஏற்கட்டும். பாம்பார் சோலையைச் சுற்றிக் காலையில் நடை. மதியம் வண்டியில் மலை இறங்கி, பாதுகாப்பு ஏற்பாடு உள்ள கும்பக்கரையில் குளியல். கால் வலுவானவர்களுக்கு, முறையான அனுமதியோடு, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை இறங்குகிற பழைய பாதையே இருக்கிறது. வெள்ளகவிக்குள் போகும்போது ஊர் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போகலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய இதற்குத் தோதான காலம். பிப்ரவரிக்கு மேல் தீ பயம், அப்போது காட்டை விட்டுவிட வேண்டும்.

கொடைக்கானல், பெரியகுளம் பக்கத்து ஆசிரியர்கள், வழிகாட்டிகள், வனத்துறையில் இருக்கிற நண்பர்கள் இதைப் படித்தால், முதல் குழுவை எந்தப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகலாம் என்று சொல்லுங்கள். வண்டிச் செலவுக்கு ஆள் பிடிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.