ஃபூர்னியே பற்றிய உங்கள் கட்டுரையில் பூலாங்க்கை விட்டுவிட்டீர்களே!

ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, பியானோ மிதிகளுக்குக் கால் ஒத்துழைக்காமல் பிரெஞ்சுக் கலைஞர் பியர் ஃபூர்னியே செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) மாறிய கதையை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இசையமைப்பாளர் பூலாங்க் எங்கே? செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதிய தன் சொனாட்டாவை அவர் அர்ப்பணித்ததே இவருக்குத்தான். வாத்திய நுணுக்கங்களில் ஃபூர்னியேதான் கைகொடுத்தார். 1949-இல் இருவரும் சேர்ந்தே அரங்கேற்றினார்கள்.

பாஹ் தனிச்செல்லோவுக்கு எழுதிய சூட்களை (நடன இசைத் தொகுப்புகள்) ஃபூர்னியே வாசித்த 1960 பதிவையும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். முதல் சூட்டின் தொடக்கத்தைப் பலர் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். இவர் கீழ்ச்சுரத்தில் லேசாக ஊன்றிவிட்டுத்தான் மேலே போகிறார். வில் திரும்புவதே காதில் விழாது. என்னைக் கேட்டால், செல்லோ மேதை கசால்ஸின் வாசிப்பைவிட இதுதான் மனதுக்கு நெருக்கம். (சண்டைக்கு வராதீர்கள்!)

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஆக்கிரமிக்கப்பட்டிருந்த காலத்தில், ஜெர்மானியர் கைவசமிருந்த ரேடியோ பாரிஸில் வாசித்ததற்காகப் பின்னர் தண்டிக்கப்பட்டதையும் சேர்த்திருக்கலாம். அதுவும் அவர் வாழ்க்கைதானே.