இயேசுவின் தெய்வத்தன்மை ஓட்டெடுப்பில் பிறந்ததா?

“கி.பி. 325-ல் நிசேயா நகரில் கூடிய பிஷப்புகளின் சங்கத்தில் ஓட்டெடுப்பு நடத்தித்தான் கான்ஸ்டன்டைன் பேரரசர் இயேசுவைக் கடவுளாக்கினார், பைபிள் நூல்களையும் அங்கேதான் பொறுக்கி எடுத்தார்கள்” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கைக்கே அடித்தளம் இயேசுவின் தெய்வத்தன்மை. அது நிசேயாவுக்கு வெகுமுன்பே இருந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யோவான் சுவிசேஷத்தில் சீடர் தோமா இயேசுவை “என் ஆண்டவரே! என் தேவனே!” என்று அழைக்கிறார். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வெளியாள் ஒருவரின் சாட்சி. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்கிறார். அவர்களை விசாரித்துத் தண்டித்தவரே அவர்தான்!

சரி, அப்படியானால் நிசேயாவில் எதைப் பற்றித்தான் சண்டை? குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியா நகரப் போதகர் ஆரியஸ். இல்லை, பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்றது சங்கம். இயேசுவை வெறும் மனிதர் என்று ஆரியஸும் சொல்லவில்லை. உலகம் உண்டாகுமுன்பே குமாரன் இருந்தார் என்றே அவரும் நம்பினார்.

அப்புறம் பைபிள். அந்தச் சங்கம் வகுத்த 20 விதிகளில் நூல் பட்டியலே கிடையாது. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டது, அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் 367-ல் எழுதிய கடிதம்.