கதிரை இல்லாத கடைகள்

முந்தநாள் யாழ் நகரில் ஒரு முதலாளி என்னிடம் ஆதங்கப்பட்டார். "பிள்ளை, இப்பத்தைப் பெடியள், பெட்டையள் ஒருத்தரும் வேலையில நிலைக்கினம் இல்லை. மூண்டு மாதம், பிறகு ஆளைக் காணேலாது." அவர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். வயதுக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன், ஆனால் மனம் கேட்கவில்லை.

நான் நகரில் ஒரு புடவைக்கடையில் நான்கு வருடம் வேலை செய்தவள். முதல் இரண்டு வருடம் சேலைப் பகுதி, அப்புறம் கணக்கு. காலை எட்டரைக்குக் கைரேகை வைத்தால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வரலாம். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் ஒன்பதும் ஆகும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும். சனமே இல்லாத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். சேலை பார்க்க வருபவர்களுக்குக் கதிரை இருந்தது, எங்களுக்கு இல்லை.

சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு தங்கச்சிக்குப் பின்னேரமானால் கால் வீங்கிச் செருப்பு ஏறாது. ஒருநாள் தூணில் சாய்ந்து நின்றாள். ஐந்து நிமிடம் இருக்காது, கடையின் வட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி வந்தது: "உந்தப் பிள்ளை ஏன் தூணில சாய்ஞ்சு நிக்குது?" அனுப்பியவர் லண்டனில் இருந்த முதலாளியின் மகன். கடைக் கமராவை அங்கேயிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் அவள் அழுதாள். அந்த மாதச் சம்பளத்தோடு நின்றுவிட்டாள்.

அவள் சாய்ந்தது கமராவில் தெரிந்தது. எந்த நிறத்தைக் கேட்டுச் சனம் வெறுங்கையோடு திரும்பிப் போகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். அதை நான்கு வருடத்தில் ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. டொயோட்டா தொழிற்சாலைகளில் பிழை ஒன்றைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தோ பொத்தானை அமுக்கியோ வேலை வரிசையையே நிறுத்தலாம். செய்கிறவருக்கு வேலை தெரியும் என்று நம்புவதால்தான் அந்தக் கயிறும் பொத்தானும் அங்கே இருக்கின்றன.

கண்காணிப்பு இல்லாமல் வேலை நடக்காது என்பவர்கள், கையில் மணிக்கூட்டோடு வேலையை அளந்த அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடரிக் டெய்லரையாவது பார்க்கலாம். சைக்கிளின் சுழலும் பாகங்களுக்குப் போடும் உருக்குக் குண்டுகளைச் சோதிக்கும் பெண்களின் பத்தரை மணித்தியால வேலைநாளை எட்டரையாகக் குறைத்து, ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வும் கொடுத்ததாக அவர் 1911இல் எழுதியிருக்கிறார். அவர் தொழிலாளருக்காக உருகியவர் அல்ல. அதே இடத்தில் பலரை வேலையிலிருந்து நிறுத்தியவர். ஆனாலும் களைத்த கண்ணுக்குப் பிழை தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று சொல்கிறது. அதற்கு மேலே என்றால் ஓ.டி., அதாவது மேலதிக நேரச் சம்பளம், கொடுக்க வேண்டும். கணக்குப் பகுதிக்குப் போன பிறகுதான், அங்கே ஓ.டி. என்ற கணக்கே இல்லை என்பதைக் கண்டேன். சில பிள்ளைகளுக்கு ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப்.கூடக் கட்டப்படவில்லை. ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைகளின் வயதுபோன காலத்துக் காசு. கேட்டேன். "உமக்கு ஏன் அந்தக் கதை?" என்றார்கள். கேரளாவில் புடவைக்கடைப் பெண்கள் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் எழுத வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021இல் சட்டம் வந்தது. சேலை எடுக்க சென்னைக்குப் போய்வரும் எங்கள் முதலாளிமாருக்கு இது தெரியாமலா இருக்கும்?

என் அம்மப்பா சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றியவர். கூலி குறைவு, புகையிலைத் தூசு நெஞ்சை அடைக்கும், அதை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருந்து வேலை செய்தார்கள். சுற்றிய சுருட்டுக்குக் கூலி. ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர், உலக அரசியல் பேசுவார்.

இப்போது நான் கொக்குவிலில் வீட்டிலிருந்தே ஒரு பிரித்தானிய நிறுவனத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன். அங்கே கோடையென்றால் மத்தியானம் ஒன்றரைக்கு லப்டொப்பைத் திறப்பேன், குளிர்காலமென்றால் இரண்டரைக்கு. நான் கதிரையில் இருக்கிறேனா படுத்திருக்கிறேனா என்று மேலாளர் கேட்டதில்லை. எங்கே இடிபடுகிறது, என்ன தேவை என்று கிழமைக்கு ஒருமுறை கேட்பார். இதிலும் குறை உண்டு: ஒப்பந்த வேலை, ஈ.பி.எப். கிடையாது, மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிட ஆளில்லை. என் சிநேகிதி ஒருத்தியின் கொம்பியூட்டரை அவளுடைய நிறுவனம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கிறது. கமரா வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

முந்தநாள் ஆதங்கப்பட்ட முதலாளி ஐயா, பிள்ளைகள் நிலைக்காதது சோம்பலால் அல்ல. பஸ் காசு, கால் வலி, வாங்கும் பேச்சு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் போகிறார்கள். இப்போது போவதற்கு வேறு இடம் இருக்கிறது.

போன கிழமை சுன்னாகத்தில் ஒரு சின்னக் கடைக்குச் சட்டைத் துணி எடுக்கப் போனேன். மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்த பிள்ளை எழும்பி வந்து துணியை அளந்து வெட்டித் தந்தாள். "அக்கா, இந்தத் துணி ஒருக்காத் தோய்க்கச் சுருங்கும், கால் மீற்றர் கூட எடுங்கோ" என்றாள். காசை வாங்கிவிட்டுத் திரும்பப் போய் இருந்தாள். எத்தனை காலமாக இங்கே என்று கேட்டேன்.

"ஆறு வருசம் அக்கா."