போன் எடுக்கிற ஆளுங்களா?

திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆனால் கிளையன்ட்டுகள் கேட்கும் உதவிகளில் பாதிக்கும் வரிக்கும் சம்பந்தமே இருக்காது. வாடகைக்கு குடோன், நம்பிக்கையான டிரைவர், பையனுக்கு காலேஜ் சீட்டு. இந்த வரிசையில் சமீபகாலமாக அடிக்கடி வருவது, "வெப்சைட் பண்ண நல்ல பையனா ஒருத்தனைச் சொல்லுங்க சார்."

எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். டிசைன் அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. விலைகூட இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது, "போன் பண்ணுனா எடுக்கோணுமுங்க."

வெப் டெவலப்பர்கள் பலர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஓனருக்கு டெக்னிக்கலாக ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறார் என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் ஓனர்கள் கேட்பதுதான் சரி. டெவலப்பர்கள் கொடுக்கும் கொட்டேஷன்கள் என் மேஜைக்கும் வரும். ரெஸ்பான்சிவ் டிசைன், எஸ்இஓ, அன்லிமிடெட் பேண்ட்விட்த், அப்புறம் 'ஃப்ரீ எஸ்எஸ்எல்'. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சைட்டுக்குப் போய்வரும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை ஊருக்கே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி வருடக்கணக்காகிறது. அதைத் தன் கைக்காசு போட்டு வாங்கித் தருகிற மாதிரி எழுதுகிறார்கள். சைட் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணி நேரத்தில் பதில் வரும் என்று மட்டும் இரண்டு பக்கக் கொட்டேஷனில் ஒரு வரி இருக்காது.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் ஊரில் வெப்சைட்டின் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். காதர்பேட்டை மொத்த வியாபாரி சரக்கை விற்பது வாட்ஸ்அப்பில். எக்ஸ்போர்ட் யூனிட்டுக்கு பத்தாயிரம் பீஸ் ஆர்டர் கொடுப்பவர் அதை ஷாப்பிங் கார்ட்டில் போட்டு வாங்கப் போவதில்லை. புதிதாக வரும் பையர் ஒருமுறை சைட்டைத் திறந்து பார்ப்பார். ஃபேக்டரி படம் நிஜமா, எத்தனை மெஷின், ஆர்கானிக் துணிக்கான கோட்ஸ் (GOTS), துணியில் நச்சுப்பொருள் இல்லை என்பதற்கான ஓகோ-டெக்ஸ் (OEKO-TEX) சான்றிதழ் இருக்கிறதா, இவ்வளவுதான். அவர் பார்க்கும் அன்றைக்கு அது திறக்க வேண்டும். அதைவிட முக்கியம், கம்பெனி டொமைனில், அதாவது கம்பெனியின் சொந்த இணைய முகவரியில், இருக்கும் மெயில் ஐடி. கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், ஷிப்பிங் டாக்குமென்ட் எல்லாம் அதில்தான் நடக்கும். டொமைன் காலாவதியானால் சைட்டும் போகும், மெயிலும் போகும். இது பல ஓனர்களுக்குத் தெரியாது.

என் கிளையன்ட் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சைட் நின்றது யார் கண்ணிலும் படவில்லை. சொந்த வெப்சைட்டை எந்த ஓனர் திறந்து பார்க்கிறார்? பையரின் ஏஜென்ட் கூப்பிட்டு, "அனுப்பின மெயில் எல்லாம் திரும்பி வருது, கம்பெனி நடக்குதா இல்லையா?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சைட் செய்த பையன் டொமைனைத் தன் அக்கவுண்ட்டில் வாங்கியிருக்கிறான். ரினியூவல் நினைவூட்டல்கள் அவன் ஜிமெயிலுக்குப் போயிருக்கின்றன. அவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, நம்பரும் மாற்றிவிட்டான். அவனுடைய மாமா ஒருவர் வீரபாண்டிப் பக்கம் டையிங் யூனிட்டில் ஃபிட்டர் என்று யாருக்கோ ஞாபகம் வந்து, அவர் மூலமாக ஆளைப் பிடித்தோம். பாவம், அவனுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அபராதத்தோடு பணம் கட்டி மீட்டாயிற்று. டாட் காம் டொமைன் காலாவதியானால் முதலில் கொஞ்ச நாள் சலுகை இருக்கும். அது முடிந்து டொமைன் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதையும் தவறவிட்டால் டொமைன் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம்.

ஆட்டோ ரினியூவல் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி மாறிய பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பலருக்கு நின்றுபோனது.

போன் எடுக்கிற ஆள் வேண்டும் என்று கேட்கும் ஓனர்களிடம் எனக்கு ஒரே வருத்தம்தான். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை. கடை வாடகை அக்ரிமென்ட்டை நான்கு முறை படிப்பவர் இதை மட்டும் "அதெல்லாம் தம்பி பாத்துக்குவாப்ல" என்று விட்டுவிடுகிறார். டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்) இரண்டும் ஓனரின் மெயில் ஐடியில், ஓனரின் போன் நம்பரில், ஓனரின் ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லில் வாங்கப்பட வேண்டும். டெவலப்பருக்கு உள்ளே நுழைய அனுமதி கொடுத்தால் போதும்.

ஜிஎஸ்டி பேச்சு வந்ததால் என் தொழில்புத்தியைக் கொஞ்சம் காட்டிக்கொள்கிறேன். தனியாக வேலை செய்யும் பையன் 25,000 கேட்கிறான், ஜிஎஸ்டி கிடையாது. ஒரு கம்பெனி 25,000 கேட்டு, மேலே 18 சதவீதம் போடுகிறது. 4,500 மிச்சம் என்று பலர் பையனிடம் போகிறார்கள். வழக்கமான ஜிஎஸ்டியில் இருப்பவருக்கு அந்த 4,500 இன்புட்டாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழிவாக, திரும்பி வந்துவிடும், ஆக இரண்டும் ஒரே விலைதான். காம்போசிஷனில், அதாவது இன்புட் எடுக்க முடியாத சிறு வியாபாரிகள் திட்டத்தில், இருப்பவருக்கு மட்டும் அது நிஜச் செலவு. மறுபக்கம், ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பையன் என்றதுமே ஏமாற்றுக்காரன் என்று சந்தேகப்படும் ஓனர்களும் உண்டு. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை அவன் பதிவு செய்யவே தேவையில்லை. அவனை அதை வைத்து எடை போடாதீர்கள்.

வேறு எதை வைத்து எடை போடுவது? நான் பார்த்தவரை, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த டெவலப்பரை ஓனர்கள் விடுவதே இல்லை. வெப்சைட் செய்யும் பல்லடத்துத் தங்கச்சி ஒருவர், வெப்சைட் கேட்டு வந்த மெஸ்காரரிடம், "உங்களுக்கு வெப்சைட்டே தேவையில்லீங்கண்ணா, கூகுள் மேப்பில் கடை நேரமும் படமும் ஒழுங்கா இருந்தால் போதும்" என்று சொல்லி, அதைச் சரிசெய்து கொடுத்துச் சின்னத் தொகை ஒன்றை வாங்கிக்கொண்டார். அந்த மெஸ்காரர் சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் இவர் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தங்கச்சி சொன்னது சரியான யோசனையும்கூட. கூகுள் முன்பு சின்னக் கடைகளுக்கு இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அத்தனையையும் மூடிவிட்டது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்து இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கும் கடைகளை எனக்குத் தெரியும். மேப்பில் இருக்கும் கடைப் பக்கத்திலும் முதன்மை உரிமையாளர் யார் என்று பாருங்கள், பல இடங்களில் அது பழைய டெவலப்பரின் ஜிமெயிலாக இருக்கும்.

அடுத்தது, நேரம் சொல்வது. "சர்வர் இஷ்யூங்க, பாத்துட்டிருக்கோம்" என்பது ஓனர் காதில் பதிலாகவே விழாது. "நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வந்துரும்" என்றால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். டெலிவரி தேதியை வைத்தே பிழைக்கும் ஊர் இது. இரண்டு நாள் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னால் இங்கே யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சொல்லாமல் போனை சைலன்ட்டில் போட்டால்தான் பேர் கெடும்.

சரி, இப்போது ஓனர்கள் பக்கம். இதை எழுதினால் என் கிளையன்ட்டுகளில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 15,000 ரூபாய் ஒருமுறை கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் போன் எடுக்க வேண்டும் என்றால் எவன் எடுப்பான்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, "தம்பி, அந்த நம்பரை மட்டும் மாத்திரு, ரெண்டு நிமிச வேலைதான?" என்கிறார்கள். ஆர்ஓ வாட்டர் மெஷினுக்கு வருடாவருடம் ஏஎம்சி (பராமரிப்புக் கட்டணம்) கட்டுகிறார்கள், டேலி ரினியூவலை முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள். வெப்சைட்டுக்கு ஆண்டுக் கட்டணம் என்றதும், "அதான் அப்பவே குடுத்துட்டனே" என்கிறார்கள். ஃபேக்டரி படம் கேட்டால் மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, சைட் லேட் என்று ஊரெல்லாம் சொல்வதும் இவர்கள்தான். காசு வராத அழைப்புகளாகவே வந்தால் ஒருகட்டத்தில் அந்தப் பையன் நம்பரைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிடுகிறான்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். டெவலப்பர்கள் பாஸ்வேர்டைத் தங்களிடமே வைத்திருப்பதில் பாதி, பாக்கி வராது என்ற பயம். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி 'அடுத்த வாரம்'. அந்த அடுத்த வாரம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பாஸ்வேர்டு எல்லாம் கைக்கு வருகிற அன்றே மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக் கட்டணத்தை வேலை தொடங்கும்போதே பேசி, அதற்குள் மாதம் எத்தனை திருத்தம், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் இருந்தாலும் போதும்.

இப்போதைக்கு என்னிடம் இரண்டு பேர் ஆள் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அவிநாசி ரோட்டில் நிட்டிங் யூனிட், இன்னொருவர் பேபி வேர் மொத்த வியாபாரம். இரண்டு பேரிடமும் ஆண்டுக் கட்டணம் பற்றி முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன், நிட்டிங்காரர் மட்டும் கொஞ்சம் முனகினார். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் யாராவது இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். போர்ட்ஃபோலியோ லிங்க் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன் சைட் செய்துகொடுத்த கிளையன்ட் ஒருவரின் நம்பரை இன்பாக்ஸில் போடுங்கள், அவரிடம் பேசிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்.