வாரண்டி புகாரைச் சேலத்திலேயே கொடுக்கலாம்

"விற்றதோடு கடைக்காரர் பொறுப்பு முடிந்தது, கேஸ் போடணும்னா கம்பெனி தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்குத்தான் போகணும்" என்று வாரண்டிப் பொருள் பழுதானவர்களிடம் சொல்வது தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34-இன்படி, குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம். உதாரணமாக, ஏற்காட்டுக்காரர் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வந்தால் போதும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். அப்போதுதான் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுத் தப்ப முடியாது. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகார் தரக் கெடு 2 ஆண்டு.

பலர் கோட்டைவிடுவது, பழுதுபார்க்கக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் ஷீட்டில்தான். 'தண்ணீர் புகுந்துள்ளது' என்று எழுதியிருப்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். கையெழுத்துக்கு மேலேயே 'இதை ஏற்கவில்லை' என்று எழுதிப் போட்டோ எடுங்கள். வாரண்டி கிடையாது என்று வாய்வார்த்தையாக மறுத்தால் விடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.